கரை காத்த தெய்வத்தின் ஸ்டேஷன்

ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவில், ஹானெடா விமான நிலையத்திலிருந்து கெய்க்யூ கம்பெனியாரின் ரயிலில் ஊருக்குள் செல்கிறவர்களில் பெரும்பாலோர், வழியிலுள்ள அனாமோரி இனாரி என்னும் சிறிய ஸ்டேஷனைக் கவனிப்பதில்லை. துரித வண்டிகளில் பல அங்கே நிற்பதுமில்லை. ஆறரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் ஏழு ஸ்டேஷன்களில் இரண்டு மேம்பாலத்தின் மீதும், நான்கு பூமிக்கடியிலும் இருக்கின்றன. இது ஒன்றுதான் தரையில் நிற்கிறது. வாசலில் ஒரு நரிச் சிலை நம்மை வரவேற்கிறது.

நரிக்கு இங்கே என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். இனாரி என்பது நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம். நரி அதன் தூதுவன். ‘அனாமோரி’ என்றால் துவாரத்தைக் காப்பது என்று பொருள். சுமார் இருநூறு வருஷங்களுக்கு முன், டாமா நதி கடலோடு கலக்குமிடத்தில் நிலத்தை மீட்டு உழவர்கள் பயிரிட்டனர். அலைகள் கரையைக் குடைந்து துவாரமிட, உப்புநீர் வயல்களுக்குள் புகுந்தது. ஆகவே கரையின்மேல் இனாரியைப் பிரதிஷ்டை செய்து வழிபட்டார்கள் என்பது ஐதிகம்.

கோயிலின் கீர்த்தி பரவிற்று. யாத்ரீகர்களுக்காகவே 1902-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இந்த ரயில் பாதை திறக்கப்பட்டது. விமான நிலையம் தோன்றியதோ 1931-இல்தான். பக்தர்களுக்காகப் போட்ட பாதையே பிற்காலத்தில் விமானப் பிரயாணிகளுக்கும் உதவலாயிற்று.

இனிச் சொல்லவேண்டியது துயரமான விஷயம். யுத்தத்தில் ஜப்பான் தோற்றபின், 1945 செப்டம்பர் 21-ஆம் தேதியன்று, எபிடோரி ஆற்றுக்கு அப்பால் வசித்த ஜனங்கள் அனைவரும் 48 மணி நேரத்திற்குள் வெளியேற வேண்டுமென்று அமெரிக்க ராணுவம் உத்தரவிட்டது. விமான நிலையத்தை விஸ்தரிப்பதற்கே அந்த உத்தரவு. சுமார் மூவாயிரம் பேர் வீடு வாசலைத் துறந்து, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தனர். அவர்கள் வாழ்ந்த மூன்று பேட்டைகளும் மறைந்தன. கோயிலும் இடம் பெயர்ந்தது. அந்நியருடைய ஆணைக்கு உட்பட்டு வாழ்வது இன்னதென்று அறிந்த நமக்கு, அந்த இரண்டு நாட்களை எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

ஊரிழந்தவர்கள் தெய்வத்தை மறக்கவில்லை. ஆற்றுக்கு இப்பால் 1948-இல் மீண்டும் கோயில் எழுப்பினார்கள். அக்கோயிலின் பெயரே 1956-இல் இந்த ஸ்டேஷனுக்கும் இடப்பட்டது. 1963-இல் பாதைக்கு ‘விமான நிலையப் பாதை’ என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் வண்டிகள் விமான நிலையக் கட்டிடத்தின் அடிவரை சென்றதோ 1998-இல்தான்!

பழைய கோயிலின் சிவந்த தோரண வாயில் மட்டும் விமான நிலையத்துக்குள் தன்னந்தனியே நெடுங்காலம் நின்றது. அதை அகற்ற முயன்றவர்களுக்குத் தீங்கு நேரும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் 1999-இல் அதனைப் பெண்டென் பாலத்தருகே ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினர். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். அதன் உச்சியிலுள்ள பலகையில் எழுதியிருக்கும் சொல் ‘சமாதானம்’ என்பது. அது நிற்கும் அதே கரையில்தான் அந்த மூவாயிரம் பேருடைய ஊர் இருந்தது.