மூட்டியவரே துடைக்கட்டும்

கணப்பில் நெருப்பு மூட்டத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அதன் புகைபோக்கிக்குள் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தவர்கள்தான் குறைவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கம் பழைய வீடுகளில் கூடத்தின் நடுநாயகமாகச் செங்கல் கணப்பு ஒன்று இருக்கும். பனி கொட்டும் இரவில் அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால் எழுந்திருக்க மனம் வராது. சூட்டைப் பொறுத்தவரை அது ஊதாரி. எரிகிற விறகின் வெப்பத்தில் பெரும்பங்கு நேரே ஆகாயத்துக்குப் போய்விடும். போகிற போக்கில் அறையில் இருக்கும் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இதே மாநிலத்து வூபர்ன் ஊரில் 1753-இல் பிறந்து, பிற்பாடு கவுண்ட் ரம்ஃபோர்டு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்ப்சன் இதற்கு ஒரு வழி சொன்னார். கணப்பின் ஆழத்தைக் குறையுங்கள், பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டுங்கள், புகை ஏறும் தொண்டையைக் குறுக்குங்கள் என்று 1796-இல் எழுதினார். அப்படிக் கட்டிய வீடுகளில் சூடு கூடியது, அறைக்குள் புகை அடிப்பது குறைந்தது. கரி படிவது மட்டும் நிற்கவில்லை.

புகைபோக்கியில் படிவது எரியாமல் தப்பித்த விறகு. கட்டை சூடேறும்போது அதிலிருந்து வாயுக்களும் தார்ப்பசையும் ஆவியாகக் கிளம்புகின்றன. நெருப்பில் போதிய சூடும் காற்றும் இருந்தால் அவையும் சேர்ந்தே எரிந்துவிடும். கட்டை ஈரமாக இருந்தால் அதற்கு வழியில்லை. விடியும்வரை தணல் நிற்கட்டும் என்று பெரிய கட்டையாகப் போட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாலும் அதே கதைதான். பாதி எரிந்தும் எரியாமலும் மேலே போகிற புகை, குளிர்ந்த சுவரைத் தொட்டதும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. கிரியோசோட் என்பார்கள். முதலில் தொட்டால் உதிரும் கரித்தூளாக இருக்கும். அப்புறம் மொறுமொறுவென்று பொருக்காகும். கடைசியில் பளபளவென்று இறுகிப்போன தாராகும். முதல் இரண்டும் பிரஷ்ஷுக்கு மசியும். மூன்றாவதிடம் நம் ஜம்பம் சாயாது. தொழில் தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

3 மில்லிமீட்டர் கனம் சேர்ந்தாலே துடைத்தாக வேண்டும் என்பது இங்கே தொழில் செய்கிறவர்களின் கணக்கு. காரணம், அது மறுபடியும் எரியக்கூடிய சரக்கு. கீழே கொழுந்துவிட்ட நெருப்பின் ஜுவாலை அதைத் தொட்டால் புகைபோக்கியே அடுப்பாகிவிடும். அந்தச் சூடு 1000 டிகிரி செல்சியஸையும் தாண்டலாம். உள்ளே பதித்த சுட்டமண் குழாய் விரிசல் விடும். விரிசல் வழியே நெருப்பு வீட்டின் மரச்சட்டத்துக்குத் தாவும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 211, புகைபோக்கியை வருடம் ஒருமுறையாவது சோதிக்கச் சொல்கிறது. நம் ஊரில் போகிக்கு ஒட்டடை அடிப்பதுபோல இங்கே இதற்கும் ஒரு பருவம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் பருவம் வசந்தத்தின் தொடக்கம். கடைசி நெருப்பு அணைந்து சாம்பல் நன்றாக ஆற வேண்டும். சாம்பலுக்குள் தணல் நாள் கணக்கில் உயிரோடு கிடக்கும்; அதனால் அதை மூடியுள்ள தகர வாளியில் அள்ளி, மரத்தளத்தைவிட்டுத் தள்ளி வைக்கிறேன். வேலையை ஏப்ரலுக்குள் முடிக்க இன்னொரு காரணமும் உண்டு. அதற்குப் பிறகு உழவாரன் குருவிகள் வந்துவிடும். குளிர்காலத்தை அமேசான் படுகையில் கழித்துவிட்டு வடக்கே வருகிற இந்தப் பறவைக்குக் கிளையில் உட்காரத் தெரியாது. செங்குத்தான சுவரில் தொற்றிக்கொள்ளத்தான் தெரியும். சுள்ளிகளை எச்சிலால் ஒட்டிப் புகைபோக்கியின் உட்சுவரில் கூடு கட்டும். நம் பனை உழவாரன் பனையோலையின் அடிப்புறத்தில் செய்வதும் இதே எச்சில் வேலைதான். குஞ்சிருக்கும் கூட்டில் கை வைக்க 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் விடாது. செங்கல் புகைபோக்கியைத் துடைத்ததும், மேல்மூடியைக் கழற்றிக் கோடை முழுக்கக் குருவிகளுக்கென்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வேலைக்குச் சாமான் அதிகமில்லை. புகைக்குழாயின் அளவுக்கு ஒரு பிரஷ்: சுட்டமண் குழாய் என்றால் எஃகுக் கம்பி, எவர்சில்வர் குழாய் என்றால் பிளாஸ்டிக் முள். அதை ஏற்ற, ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கிற கண்ணாடியிழைத் தடிகள். கூரைச் சரிவு எனக்குத் தோதில்லாததால் கீழிருந்தே செய்கிறேன். புகைவழியை அடைக்கும் தகடான டாம்பரைத் திறந்து வைத்துவிட்டு, கணப்பின் வாயைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டி, நடுவில் விட்ட ஓட்டை வழியாகத் தடியை ஏற்றுவேன். ஒரு தடி உள்ளே போனதும் அடுத்தது. திருப்பினால் வலப்பக்கம் மட்டுமே திருப்ப வேண்டும். இடப்பக்கம் போனால் மரை கழன்று பிரஷ் மேலேயே தங்கிவிடும். முதலில் சரசரவென்று கரி உதிர்கிற சத்தம் விரிப்புக்குப் பின்னால் கேட்கும். மேலும் கீழும் நாலைந்து தரம் இழுத்ததும் அது குறைந்து, கம்பி சுடுமண்ணைச் சுரண்டுகிற வெறும் உரசல் மிஞ்சும். அப்போது நிறுத்தலாம். டாம்பருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு திட்டு இருக்கிறது. உதிர்ந்ததில் பாதி அங்கேதான் குவியும். கையை விட்டுத்தான் அள்ள வேண்டும். மிச்சத்தை உறிஞ்ச ஹெப்பா வடிகட்டி வைத்த வாக்குவம் தேவை. சாதாரண வாக்குவம் நுண்ணிய கரியைப் பின்பக்கமாகக் கூடத்துக்கே ஊதிவிடும்.

ஒரு வருடம் அம்மா இங்கே வந்திருந்த சமயத்தில் இந்த வேலை நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் விறகடுப்பில் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கே பொங்கிப் போட்டவள். வாளியில் இருந்த பொருக்கை எடுத்து விரலால் நெரித்துப் பார்த்தாள்.

“பச்சை விறகால்ல எரிச்சிருக்கே.”

“காஞ்சதுன்னு சொல்லித்தாம்மா குடுத்தாங்க.”

அம்மா பதில் சொல்லவில்லை. அடுக்கிலிருந்து இரண்டு ஓக் கட்டைகளை உருவி ஒன்றோடொன்று தட்டினாள். மொத்தென்றது. “காஞ்சிருந்தா கணீர்னு கேக்கும்டா” என்றாள். ஒரு கட்டையைப் பிளந்து புது முகத்தில் ஈரமானியைக் குத்தினேன். 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது 30-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. பிளந்து, காற்றாட அடுக்கி, மேலே மட்டும் மூடி வைத்தாலும் ஓக் காய்வதற்கு இரண்டு கோடை பிடிக்கும். விற்றவர் ரசீதில் மட்டும் அது காய்ந்திருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்: “இதுக்கெல்லாம் இந்த ஊர்ல ஆளே கெடையாதா?”

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து வெகுகாலம் வைத்திருந்த பதில், பையன் இருக்கிறான் என்பது. செங்கல் புகைபோக்கிகள் உள்ளே 14 அங்குலத்துக்கு 9 அங்குலம்தான் இருக்கும். அதற்குள் ஏற ஒல்லியான சிறுவன் வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் அநாதைகளையும் பயிற்சி என்ற பெயரில் பிடித்துப் போட்டார்கள். முழங்காலும் முழங்கையும் தேய்ந்து புண்ணானார்கள். சிலர் உள்ளேயே சிக்கி மூச்சுமுட்டிச் செத்தார்கள். கரியோடு வளர்ந்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதை லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இல் எழுதினார். செய்யும் தொழிலால் புற்றுநோய் வரும் என்பதற்கு மருத்துவ உலகம் கண்ட முதல் சான்று அது. அமெரிக்காவில் இந்த வேலை பெரும்பாலும் கறுப்பினச் சிறுவர்கள் தலையில் விழுந்தது.

கருவி இல்லாததால் நடந்ததல்ல இது. ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் 1803-லேயே தடியும் பிரஷ்ஷும் கொண்ட ஒரு கருவியைச் செய்துவிட்டார். 1828-இல் ஜோசப் கிளாஸ் அதைத் திருத்தினார். நான் திருகிச் சேர்க்கிற தடிகள் அந்த வம்சம்தான். சட்டமும் இல்லாமல் இல்லை. 1788, 1834, 1840, 1864 என்று இங்கிலாந்தில் வரிசையாகப் போட்டார்கள். 1840-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்கள் ஏறவே கூடாது என்றது. வீட்டுக்காரர்களோ கம்பளம் பாழாகும், பிரஷ் வளைவில் திரும்பாது என்றார்கள். 1875-இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனைப் புகைபோக்கியில் ஏறிய ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் இறந்த பிறகே, காவல்துறையிடம் உரிமம் பெற்றவர்தான் இந்தத் தொழில் செய்யலாம் என்ற சட்டம் வந்து கதை முடிந்தது. கருவி வந்ததற்கும் பையன் கீழே இறங்கியதற்கும் நடுவே 72 வருடம்.

தமிழ் வாசகருக்கு இங்கே சாக்கடைக் குழி நினைவுக்கு வராமல் இருக்காது. மனிதரைக் கொண்டு கழிவு அள்ளுவதைத் தடுக்க நம்மிடம் 1993-லும் 2013-லும் போட்ட சட்டங்கள் இருக்கின்றன; கேரள இளைஞர்கள் செய்த பேண்டிகூட் போன்ற இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆனாலும் குழிக்குள் மனிதர் இறங்கிச் சாகிற செய்தி நிற்கவில்லை. குழாயைத் திருப்புகிறவரும் குழிக்குள் பார்க்கிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கிறவரைக்கும் அவசரம் ஒருவருக்கும் வராது. கணப்பு முன் உட்கார்ந்த கனவான்களுக்கும் 72 வருடம் அவசரம் வரவில்லை.

எல்லா வேலையையும் நாமே செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்குப் புகைபோக்கி துடைப்பவர்கள் கேமராவும் முகமூடியும் உறிஞ்சு கருவியுமாக வந்து, கௌரவமாகக் கூலி வாங்குகிற தேர்ந்த தொழிலாளிகள். குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க நானும் அவர்களைத்தான் கூப்பிடுகிறேன். ஆனால் துடைக்கிற வேலையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நம் நெருப்பு எப்படி எரிந்தது என்பதை வாளியில் விழுகிற கரியைப்போல யாரும் சொல்ல மாட்டார்கள். அதை வேறொருவர் அள்ளிக்கொண்டு போயிருந்தால் அடுத்த குளிரிலும் அதே ஈரக்கட்டையைத்தான் போட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது ஓக் வாங்கினால் அடுத்ததற்கடுத்த குளிருக்கென்று வாங்கிப் பிளந்து அடுக்குகிறேன். இரவில் கட்டையைப் போட்டுக் கதவைச் சாத்துவதில்லை. சின்னதாகப் பிளந்து, சுறுசுறுப்பாக எரியவிட்டு, தானாக அணைய விடுகிறேன். காய்ந்த விறகு என்று யாராவது லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினால், இரண்டு கட்டையைத் தட்டிக் கேட்ட பிறகுதான் பர்ஸை எடுக்கிறேன்.