எண்ணாமல் விட்ட வரப்பு

இரண்டால் வகுக்க மறந்தேன். அது யாருக்கும் நேர்வதுதான். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பல்லுக்குக் கட்டும் கம்பியிலும் ரத்தக் குழாய் ஸ்டென்டிலும் இருக்கிற நிட்டினால் என்ற உலோகக் கலவைதான் என் பிழைப்பு. நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறையச் சரிபாதி. கம்பியை வளைத்து வெந்நீரில் போட்டால் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். குளிரும்போது அதன் படிகம் பட்டை பட்டையாகச் சாய்கிறது. ஒரு பட்டை இப்படிச் சாய்ந்தால் அடுத்தது கண்ணாடிப் பிம்பமாய் எதிரே சாயும். அதனால் மொத்த உருவம் கெடுவதில்லை. பட்டைகள் மெலிந்தால், இன்னும் சாயாத பகுதியை ஒட்டிய இடத்தில் இழுபறி குறையும். ஆனால் எல்லைகள் பெருகும்; ஒவ்வோர் எல்லைக்கும் ஆற்றல் செலவு. இரண்டுக்கும் நடுவே படியும் பேரம்தான் பட்டையின் அகலம். எளிய கணக்கில் அது எல்லை ஆற்றலின் வர்க்கமூலத்தோடு ஏறும். சென்னை ஐஐடியில் படித்த கௌஷிக் பட்டாச்சார்யா 2003இல் வெளியிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் இந்தத் துறைக்குள்ளேயே வந்தேன்.

அந்த எல்லை ஆற்றலைக் கணினியில் காண, சிறு அணுப்பெட்டி ஒன்றை எடுத்து, அதே பெட்டி முடிவில்லாமல் அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியின் நடுவே ஓர் எல்லை. அடுத்த பெட்டி தொடங்கும் இடத்தில் இன்னொன்று. நான் நடுவில் இருந்ததை மட்டும் எண்ணி, மொத்த ஆற்றலையும் அதன் தலையில் கட்டினேன். ஆற்றல் இருமடங்கு, அகலம் 1.41 மடங்கு. நுண்ணோக்கிப் படத்தோடு பொருந்தவில்லை. விறைப்பைக் குறிக்கும் எண்ணை ஏற்றினேன், பொருந்திவிட்டது. கட்டுரை அச்சானது.

பொங்கலுக்கு அம்மா ஊரான சீயமங்கலம் போயிருந்தபோது, மாமாவுக்கு வரப்பு வெட்டும் கூலிக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். “நடு வரப்ப எண்ணிட்ட. அந்தாண்ட வரப்ப ஆரு வெட்டுவா?”

இரவு தூக்கம் வரவில்லை. காலையில் மகேந்திரவர்மனின் குடைவரைக்குப் போனேன். ஒரே பாறை; எங்கேயும் ஒட்டு கிடையாது. மூலவர் தூணாண்டார் முன்னால் உட்கார்ந்து, திருத்தக் கடிதத்தின் முதல் வரியை மனத்துக்குள் எழுதினேன். சென்னை வந்ததும் எழுதவில்லை. மூன்று ஆண்டு எழுதவில்லை.

அதற்குள் ஆய்வகத்தில் இளையவள் ஒருத்தி எல்லை ஆற்றலுக்கு என் எண்ணை எடுத்துக்கொண்டாள். விறைப்பை மட்டும் உள்ளபடியே வைத்தாள். “அகலம் கூடவே வருதுண்ணா, எங்க தப்பு?” என்று கேட்டாள். கணக்கிடும் வலையின் கண்ணியைச் சிறிதாக்கிப் பார் என்றேன். மாதக்கணக்கில் அதைச் செய்தாள்.

போன மாதம் இதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டு அவளிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கோப்பைத் திறந்து, ஒரு வரியில் இரண்டால் வகுத்து, ஓடவிட்டாள்.

“இப்ப சரியா வருது, சார்.”