காயாத மஞ்சள்

கழக்கூட்டத்தில் தாள் காயாது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய இந்த ஊரில் ஏப்ரல் காற்றில்கூட அத்தனை ஈரம். வாட்டர் கலரும் கையுமாக வந்தவன் முதலில் எரிச்சல்தான் பட்டேன்.

1990இல் டெக்னோபார்க் வந்த பிறகு ஊரின் முகமே வேறு. 2022இல் திறந்த மேம்பாலத்துக்கு அடியில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, நாகர்கோவிலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் அக்காவின் வீடு. முற்றத்தில் ஒரு சரக்கொன்றை. வீட்டை விற்றாகிவிட்டது, வாங்கியவர் மரத்தை வெட்டப் போகிறார். "அடுத்த விஷுவுக்கு இது இருக்காது. வரைஞ்சு குடுத்துட்டுப் போ" என்றாள் அக்கா.

முதல் நாள் யோக்கியமாக வரைந்தேன். ஐந்து இதழ்கள், பத்து மகரந்தக் காம்புகள், அவற்றில் மூன்று மட்டும் நீண்டு வளைந்தவை. பென்சில் கோடு, உள்ளே வண்ணம். 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான 'ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்' முதல் தொகுதியிலும் கொன்றை இப்படிக் கோடு பிசகாமல்தான் இருக்கிறது. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த அந்த 12 தொகுதிகளையும் கே.எஸ். மணிலால் ஆங்கிலத்தில் கொண்டுவர, 2003இல் வெளியிட்டது கேரளப் பல்கலைக்கழகம். அதன் காரியவட்டம் வளாகம் பக்கத்தில்தான். மூலிகை தேடுபவருக்கு அந்தக் கோடு அவசியம். அக்காவோ, "இது பாட்டனி புத்தகத்துல உள்ள படம்லா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் கோடை மழை விட்டதும் பென்சிலைத் தொடவில்லை. தாளை நன்றாக நனைத்து, தூரிகை நிறைய மஞ்சளை வைத்தேன். தானாகப் பரவியது. மஞ்சளோடு எப்போதும் மல்லுக்கட்டுதான்: நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் பாசி நிறமாகிவிடும். நீர்த்த ஊதா வேண்டும், அதுவும் மஞ்சள் பாதி காய்ந்த பிறகு. வெளிச்சத்துக்கு வண்ணம் கிடையாது. வெள்ளைத் தாளையே அங்கங்கே விட்டுவைக்க வேண்டும். வறண்ட ஊரில் இதற்கெல்லாம் ஓரிரு நிமிடம் கிடைத்தால் அதிகம். இங்கே தாள் எனக்காகக் காத்திருந்தது.

இதழ்களை எண்ணவில்லை. கொத்து தொங்கும் கனத்தை மட்டும் பார்த்தேன். முந்தின நாள் எண்ணியிருந்ததால் எங்கே நிற்பதென்று கைக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் மூன்று தாள்கள் பாழ். நான்காவதில், காய்ந்த பிறகு, அந்த வளைந்த காம்புகளுக்காக மூன்றே கீற்றுகள்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். கீழ் ஓரத்தில் மஞ்சள் வழிந்து திட்டாகியிருந்தது. துடைக்கப் போனேன்.

"விடு. அது முற்றத்துல உதிர்ந்து கெடக்கதுலா" என்றாள்.