இரவல் காரும் வாடகைக் கப்பலும்

மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தமக்குச் சொந்தமான வண்டியைப் பற்றி எழுதுகிறவர் ஒரு வகை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? அவர் கண்ணுக்கு வண்டியின் குறை ஒன்றும் தெரிவதில்லை. கம்பெனிக்காரர்கள் துடைத்துப் பளபளப்பாக்கி அனுப்பிவைக்கும் புத்தம் புது வண்டியை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர் மற்றொரு வகை. விருந்து சாப்பிட்ட வாயால் சமையலைப் பழிப்பது எளிதன்று. ஆகையால், ஊரில் சாதாரணமாக ஓடும் ஒரு வண்டியின் உண்மையான குணத்தை அறிய விரும்புகிறவர்கள் அதை இரவல் வாங்க வேண்டும்; அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம்.

தூத்துக்குடியிலும் அதை அடுத்த முத்துக் கடற்கரையிலும் சில தினங்கள் பிரயாணம் செய்தபோது மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. ஒன்று வாடகை வண்டி. மற்ற இரண்டும் சிநேகிதர்களிடம் இரவல் வாங்கியவை. மூன்றில் ஒன்றையாவது நம்முடையது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. இந்த ‘நம்முடையது’ என்ற சொல் பிரயாணம் முடிவதற்குள் நம்மைப் பலவாறு யோசிக்கும்படி செய்துவிட்டது. வேறு ஊராயிருந்தால் இந்த யோசனை வந்திராது.

முதலில் வாடகை வண்டி. அது ஒரு மாருதி டிசையர். நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டிக்குச் சர்க்கார் விதித்திருக்கும் அடையாளம் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. ஊரார் கண்ணுக்கு இந்தப் பலகை ஒரு விளம்பரம். “இவன் இந்த ஊர்க்காரன் அல்ல, வண்டியும் இவனுடையதல்ல” என்று அது வழி நெடுகப் பறைசாற்றிக்கொண்டே வருகிறது. வண்டியை ஒப்படைக்க வந்த குமாஸ்தா செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு அதை மூன்று முறை வலம் வந்தார். கல்யாணப் பெண்ணைக்கூட அத்தனை கோணத்தில் படம் எடுக்க மாட்டார்கள். பிறகு ஒப்பந்தப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மணலில் இறக்கக் கூடாது, உப்புத் தண்ணீரில் இறக்கக் கூடாது, மீன் ஏற்றக் கூடாது என்று அதில் கண்டிருந்தது. தூத்துக்குடியில் வண்டி வாடகைக்கு விடுகிறவர்கள் அநுபவசாலிகள்தாம்!

வண்டியைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. கிளச்சு, பஞ்சுமேல் கால் வைத்தாற்போல் இறங்குகிறது. ஸ்டியரிங் சக்கரத்தை ஒரே விரலால் திருப்பலாம். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால், 2019-ஆம் வருஷம் முதல் இந்தியாவில் தயாராகும் எல்லாக் கார்களையும் போல, உள்ளேயிருந்து எச்சரிக்கை மணி அடிக்கிறது. பின் ஸீட்டில் மாமியார் இல்லாத குறையை அது நிவர்த்தி செய்கிறது. ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிஷத்தில் பல வருஷம் பழகிய வண்டிபோல் ஆகிவிடும்; இறங்கிய பத்தாவது நிமிஷத்தில் அடியோடு மறந்தும் போகும். அன்றாட வண்டிக்கு இதைவிடச் சிறந்த லட்சணம் வேறென்ன வேண்டும்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். முத்தையாபுரம் தாண்டியதும் இரு புறமும் உப்பளங்கள். வெயிலில் அந்த வெள்ளைப் பாத்திகளைப் பார்த்தால் கண் கூசுகிறது. பாத்தி வரப்பில் பெண்கள் உப்புச் சுமந்து வரிசையாகப் போகிறார்கள். பழையகாயல் என்ற பெயரைப் படித்ததும் வண்டியின் வேகத்தை நாமாகவே குறைத்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வந்து பார்த்து வியந்து எழுதிய காயல் துறைமுகம் இந்தப் பகுதியில்தான் இருந்தது. அதற்கும் முந்திய பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் ஒரு துறைமுகத்தையே கரை ஏற்றிவிட்டது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களின் வாசனை வண்டிக்குள் வந்தது. அப்பால் திருச்செந்தூர் வரையில் முருக பக்தர்கள் பச்சை வேஷ்டி கட்டி, காலில் செருப்பின்றி, சாலையோரமாக நடந்து போகிறார்கள். அவர்களைக் கண்டதும் எப்பேர்ப்பட்ட வண்டியும் கட்டை வண்டி வேகத்துக்கு வந்துவிட வேண்டியதுதான்.

குலசேகரப்பட்டினம் வழியே மணப்பாடு போனோம். ராக்கெட் தளத்துக்கு 2024-ஆம் வருஷம் பிப்ரவரியில் அஸ்திவாரக் கல் நாட்டிய ஊர் குலசேகரப்பட்டினம். மணப்பாடு, 1542-ஆம் வருஷத்தில் சவேரியார் வந்திறங்கிய ஊர். மணற்குன்றின்மேல் சிலுவைக் கோயிலும், கீழே இரண்டு பக்கமும் கடலுமாக அது ஒரு தனி அழகு. திரும்பும்போது காயாமொழிப் பக்கம் தேரிக்காட்டையும் எட்டிப் பார்த்தோம். செக்கச் செவேலென்று மணல். காற்று அடித்தால் மேடு இடம் மாறுகிறது. தார் ரோடு முடிந்த இடத்தில் நம் வண்டியும் நின்றது. எதிரே ஒரு சிறுவன், மோட்டார் சைக்கிளில் பனங்கருக்கு மட்டைகளைக் கட்டிக்கொண்டு அந்த மணலிலேயே லாகவமாக ஓட்டிச் சென்றான். அவன் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது குமாஸ்தா, பின் கதவில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து அபராதம் கேட்டார். அவரே எடுத்த படத்தில் அந்தக் கீறல் ஏற்கெனவே இருந்தது. ‘பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது வண்டி அம்பாஸடர். உப்பு வியாபாரம் செய்யும் சிநேகிதர் ஒருவர் எண்பதுகளில் வாங்கி, பெற்ற பிள்ளையைப்போல் பராமரித்து வருவது. உப்புக் காற்று இரும்பை அரித்துத் தின்னும் ஊர் இது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிவிடுவாராம். சாவியைக் கொடுத்துவிட்டு, “ரெண்டாம் கியருக்குக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்க, அண்ணாச்சி. அதுக்கு வயசாயிட்டு” என்றார். அவ்வளவுதான். பத்திரமும் இல்லை, படமும் இல்லை. ஆனால் டிசையரை ஓட்டியதைவிட நூறு மடங்கு ஜாக்கிரதையாக இதை ஓட்டினோம். வாடகை வண்டிக்குப் பயம் பணத்தோடு போய்விடும். இரவல் வண்டிக்குப் பயம் சிநேகத்தைப் பற்றியது.

கியர்த் தண்டு ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கிறது. அதை மேலும் கீழும் தள்ளுவது மோர் கடைவதுபோல் இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பத் தோள் பலம் வேண்டும். ஆனால் முன் ஸீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். வேகத்தடைமேல் ஏறினால் தொட்டில் ஆட்டியது மாதிரி ஆட்டிவிட்டு இறக்குகிறது. பீச் ரோட்டில், பனிமய மாதா கோவிலுக்கு எதிரே, டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் நமக்கு ஸலாம் வைத்தார். அம்பாஸடரில் வருகிறவர் கலெக்டராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தத் தேசத்தை விட்டு இன்னும் போகவில்லை!

இந்த வண்டியை அசல் சுதேசி வண்டி என்று நாம் எல்லோருமே கொண்டாடி வந்தோம். வாஸ்தவத்தில் இதன் வார்ப்பு இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து 2014-ஆம் வருஷம் வரையில் கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் அதை உற்பத்தி செய்தார்கள். டிசையரோ ஜப்பானிய ஸுஸுகியின் வழி வந்தது. ஆகவே, சுதேசி என்பதற்கு அர்த்தந்தான் என்ன?

பழைய துறைமுகத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றோம். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகள் கட்டிக் கிடந்தன. இந்தக் கடலில்தான் முத்துச் சலாபம் நடந்தது. பரதவர்கள் காலில் கல்லை மாட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் முங்கி, கடலடிப் பார்களிலிருந்து சிப்பியை அள்ளி வந்தார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் காலத்தில் அப்படி அள்ளியதில் மூன்றில் ஒரு பங்குதான் முங்கியவனுக்கு. மற்ற இரண்டு பங்கும் சர்க்காருக்கு. மூச்சு அவனுடையது, கடல் அவர்களுடையது! இந்தியக் கரையில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-ஆம் வருஷம். பிறகு 1973-ல், சிப்பிக்குள் செயற்கை முறையில் முத்து விளைவிக்கும் வித்தையை இந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்திலேயே நம் விஞ்ஞானிகள் கண்டார்கள். சலாபம் மட்டும் திரும்பவில்லை. முங்குகிறவர்கள் இப்போது சங்கு எடுக்கிறார்கள்.

இதே துறையில்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டார். கதை எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் அதன் முதல் அத்தியாயத்தை நாம் அவ்வளவாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. 1906-ஆம் வருஷம் அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். கம்பெனி இருந்தது, பங்குதாரர்கள் இருந்தார்கள், கப்பல்தான் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்குப் பேசித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரர்கள் பிள்ளையவர்களோடு சண்டைக்கு வரவில்லை. கப்பலுக்குச் சொந்தக்காரர்களிடம் போனார்கள். நெருக்கினார்கள். வாடகை ஒப்பந்தம் முறிந்தது. ஜனங்கள் டிக்கெட்டுடன் கரையில் நிற்க, கப்பல் மட்டும் இல்லை என்ற நிலை வந்தது. அவசரத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு வரவழைத்துக்கொண்டு, ‘சொந்தக் கப்பல் வாங்காமல் இந்த ஊருக்குத் திரும்புவதில்லை’ என்ற உறுதியுடன் பிள்ளையவர்கள் பம்பாய்க்குப் போனார்கள். 1907-ல் ‘காலியா’வும் ‘லாவோ’வும் வந்து சேர்ந்தன.

அந்தக் கப்பல்களும் அந்நிய நாட்டில் கட்டியவையே என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எந்தப் பட்டறையில் ஆணி அடித்தார்கள் என்பதைப் பற்றிப் பிள்ளையவர்கள் கவலைப்படவில்லை. நங்கூரத்தை எடு, போடு என்று உத்தரவிடுகிறவன் யார் என்பதுதான் அவருடைய கேள்வி. பிரிட்டிஷ் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு. (முதல் சவாரி இலவசம் என்று இந்நாளில் டாக்ஸிக் கம்பெனிகள் செல்போனில் ஆசை காட்டுவதும் இதே வித்தைதான், இலவசக் குடைக்காரன் போட்டிக்காரன் போன பிறகு என்ன செய்வான் என்பதை யாரும் கேட்பதில்லை.) 1908 மார்ச்சில் பிள்ளையவர்களைக் கைது செய்தார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கு இழுத்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது, கப்பல்கள் கைமாறின. அவர் 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கரையில் வரவேற்கக் கூட்டம் இல்லை. 1974-ல் பெருந்துறைமுகமான தூத்துக்குடிக்கு 2011-ல்தான் அவர் பெயரைச் சூட்டினோம்.

மூன்றாவது வண்டி மின்சார வண்டி: வின்பாஸ்ட் வி. எப். 6. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. இது பிறந்ததே தூத்துக்குடியில்தான். ஊருக்கு வெளியே சில்லாநத்தம் சிப்காட்டில், சுமார் 400 ஏக்கரில், வியட்நாம் கம்பெனியார் தொழிற்சாலை கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் அஸ்திவாரம். 2025 ஆகஸ்டு 4-ஆம் தேதி முதல் மந்திரி ஸ்டாலின் திறந்துவைத்தார். ஆரம்பத்தில் வருஷத்துக்கு 50,000 வண்டிகள் தயாரிக்கத் திட்டம். நம்மைப்போலவே அந்நியனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த தேசம் வியட்நாம். 2017-ல் தொடங்கிய ஒரு கம்பெனி இத்தனை விரைவில் கடல் தாண்டி வந்துவிட்டதை மெச்சத்தான் வேண்டும். டாட்டாவும் மகிந்திராவும் சொந்தமாக வண்டி அமைத்து விற்கிறார்கள் என்பது நமக்குச் சற்று ஆறுதல்.

ஓட்டுவதற்குப் பரம சுகம். சத்தமே இல்லை. ஓட்டப்பிடாரம் சாலையில் கரிசல் காட்டின் நடுவே போகும்போது காற்றின் ஓசையும் ஆட்டின் மணியும் கேட்டன. ஆனால் ஆடுகளுக்கு நாம் வருவது கேட்கவில்லை. ஹாரன் அடித்தே வழி கேட்க வேண்டியிருந்தது. காலை எடுத்ததும் வேகம் தானே அடங்கி, அந்த ஓட்டம் மின்சாரமாகப் பேட்டரிக்குள் திரும்புகிறது. வண்டியைத் தந்த சிநேகிதர் ஒரு சங்கதி சொன்னார். இந்த மாதிரி வண்டிகளின் மூளைக்குப் புதிய உத்தரவுகள் கம்பெனியிடமிருந்து ஆகாய மார்க்கமாகவே வந்து இறங்குமாம். இராத்திரி நிறுத்திய வண்டி காலையில் புதுப் பாடம் கற்றிருக்குமாம். சௌகரியந்தான். ஆயினும் ஷா லைன் கப்பலின் ஞாபகம் நமக்கு வராமல் இல்லை. வேலையும் சம்பளமும் இங்கே, உத்தரவு அங்கே. தொழிற்சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வந்தது நல்லதே. அந்த மூளையை இயற்றும் வித்தையும் இங்கே வந்து இறங்குகிறதா என்று சர்க்காரும், ஜனங்களும், அங்கே வேலை பார்க்கும் வாலிபர்களும் விடாமல் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.

ஓட்டப்பிடாரத்தில் பிள்ளையவர்கள் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, வண்டியைச் சுற்றிவந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், “இது நம்ம பாக்டரி வண்டிதானே?” என்று கேட்டார்.

“ஆமாம், ஐயா. ஆனால் வண்டி எங்களுடையதல்ல, இரவல்” என்றோம்.

“அது இருக்கட்டும். எம் பேத்தி அங்கதான் வேல பாக்கா. கதவு மாட்டுற எடத்துல.”

அநுமதி கேட்காமலே பின் கதவைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்து, காதைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு மூடிப் பார்த்தார். சரியாகத்தான் மூடிற்று.