பட்டியலில் இல்லாத தப்பு

கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயரில் பாட்டு போவதில்லை. எந்தக் கட்டையை அழுத்தினாய், எவ்வளவு வேகமாக அழுத்தினாய் என்கிற எண்கள்தான் போகின்றன. வேகத்துக்கு 1 முதல் 127 வரை. 'மிடி' என்னும் இந்த ஏற்பாடு 1983-இல் வந்தது. விரல் யாருடையது என்று அது கேட்பதில்லை. எங்க ஜேடர்பாளையத்தில் எங்கய்யன் தப்பு அடிக்கப் போனால் முதல் கேள்வியே அதுதான். இழவுக்கு அடிக்கணும். கூலி துண்டில் விழும்; கை படாது.

அண்ணன் மகன் ஒயரை மாட்டிவிட்டுத் தேடினான்.

"சித்தப்பா, போங்கோ இருக்குது, காங்கோ இருக்குது. நம்ம தப்பக் காணமே?"

1991-இல் வந்த 'ஜெனரல் மிடி' பட்டியலில் தாளச் சத்தங்கள் 47. கியூபாக்காரர் கொட்டு அதில் உண்டு. பறை இல்லை.

அதற்காகச் சும்மா இருப்பதா? கரும்புச் சோகையைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினோம். அடிக்குச்சி, சிண்டுக்குச்சி அடிகளைத் தனித்தனியாக, மெல்லவும் ஓங்கியும் பதிவு செய்தோம். ஒவ்வோர் அடியையும் ஒரு கட்டையில் ஏற்றினான். மெல்ல அழுத்தினால் மெல்லடி, ஓங்கினால் ஓங்கின அடி.

எங்கய்யன் அடி இப்போது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பையன் அதை மேடையில் வாசிக்கிறான். இழவுக்குக் கூப்பிட்டால் வரமுடியாது என்று ஊருக்குள் சொல்லியும்விட்டான்.