கண்டி வீதியிலே ஓர் ஓட்டம்

எமது ஊரிலே காரணமின்றி ஓடுபவர் எவருமிலர். மழை இருண்டு வந்தால், உலரப்போட்ட நெல்லை அள்ள ஓடுவர். கயிறறுத்த மாட்டின் பின்னே ஓடுவர். புறப்பட்டுவிட்ட பஸ் வண்டியை மறிக்க ஓடுவர். ஒரு காலத்தில் விமானத்தின் இரைச்சல் கேட்ட மாத்திரத்தே பதுங்குகுழியை நோக்கி யாவரும் ஓடினோம். ஆகவே, ஐம்பத்தைந்து வயது நிரம்பிய தமிழாசிரியர் ஒருவர், 2022ஆம் ஆண்டின் ஆடி மாதத்திலொரு நாள், விடியுமுன்னரே சாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காற்சட்டை அணிந்து, அரியாலையிலே கண்டி வீதியில் ஓடத் தொடங்கியபொழுது, கண்டவர்க்கு எழுந்தது சிரிப்பன்று, அச்சமே.

பால் கொண்டு சென்றவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எம் அருகே வந்தார்.

"என்ன மாஸ்டர், வீட்டிலை ஆருக்கேனும் சுகமில்லையோ? சொல்லுங்கோ, நான் போய் ஆரையும் கூட்டி வாறன்."

ஒருவருக்கும் ஒன்றுமில்லையென்று கையால் உணர்த்தினோம்.

"அப்ப ஏன் ஓடுறியள்?"

அன்று அவருக்கு நாம் விடை சொல்லவில்லை. சொல்வதற்கு மூச்சு இருக்கவில்லை.

உண்மையான காரணத்தை ஒளிப்பானேன்? எமக்கு ஓட்டத்தின்மேல் ஆசை பிறக்கவில்லை. சாவின்மேல் அச்சம் பிறந்தது. ஐந்து வருடங்களாக எம்மைப் பற்றியிருந்த சீனி வருத்தம் அவ்வாண்டு கட்டுக்கடங்காது ஏறிற்று. வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்திலே 172 மில்லிகிராம் என்று துண்டில் எழுதப்பட்டிருந்தது. நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளும் மருந்தும் அருகிப்போன மாதங்கள் அவை. நாம் மாதந்தோறும் வரிசையில் நின்று மாத்திரை பெறும் சிகிச்சை நிலையத்தில், இருந்த மாத்திரையைப் பாதியாகப் பங்கிட்டுத் தந்தனர். மீதியை வெளியிலே வாங்கும்படி கூறினர். வெளியிலே, ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாத விலை. அங்கிருந்த இளம் வைத்தியர், எம் மாணவியாயிருக்கக்கூடிய வயதினர், தலை நிமிராமலே, "நடவுங்கோ ஐயா. ஏலுமெண்டால் மெல்ல மெல்ல ஓடுங்கோ. ஆனால் குளிசையை விட்டுடாதேங்கோ" என்றார். தொழிற்படுகின்ற தசை, இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சீனியை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதைத் துண்டின் பின்புறத்தில் ஒரு படம் கீறி விளக்கினார். அந்தத் துண்டை நாம் இன்னும் வைத்திருக்கின்றோம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓடினால் மருந்து வேண்டியதில்லை என்று பேசுவோர் இன்று பெருகிவிட்டனர். மருந்து கொடுக்கக் கடமைப்பட்டோருக்கு இதைவிட வாய்ப்பான பேச்சு வேறில்லை. நாம் ஓடியது மருந்துக்குப் பதிலாகவன்று. மருந்து வரும்வரை உயிரோடிருப்பதற்காக.

வீதியும் அந்நாட்களில் எமக்கு உதவிற்று. பெற்றோலின்றி வாகனங்கள் முடங்கிக்கிடந்தமையால், பாரஊர்திகள் அதிர்ந்து செல்லும் கண்டி வீதி ஒழுங்கையைப்போல் அமைதியாயிருந்தது.

முதனாள் நாம் ஓடியது இரண்டு மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரமே. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலே நூறு யார் ஓடிய நினைவு மாத்திரம் உடம்பில் எஞ்சியிருந்தமையால், ஓட்டமென்றால் வேகமென்றே எண்ணிப் பாய்ந்தோம். மூன்றாவது மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். மறுநாளும் அவ்வாறே. ஆறாவது வாரத்தில் கணைக்கால் எலும்பின் உட்பக்கமெங்கும் ஊசி குத்துவதுபோன்ற நோ உண்டாகி, படலைவரை நடப்பதற்கே வேலிக் கதியாலைப் பற்ற வேண்டியதாயிற்று. ஒரு மாதம் வீட்டிலிருந்து உப்பு ஒற்றணம் பிடித்தோம். மனையாள் ஒன்றும் சொல்லவில்லை. சப்பாத்தை மாத்திரம் எடுத்து அலுமாரியின்மேல் வைத்துவிட்டார்.

அந்த ஒரு மாதத்திலேதான் இவ்வித்தையின் அரிச்சுவடியை அறிந்தோம். இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலே பழகிவிடும். ஆனால் எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு "போ" என்கையிலே கால் "பொறு" என்னும். மூச்சின் சொற்கேட்டு ஓடுகின்ற புதியவர்களே காலை முறித்துக்கொள்கின்றனர். ஆகவே மறுபடியும் தொடங்கியபொழுது, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என வகுத்துக்கொண்டோம். ஓடும்பொழுது ஒருவரோடு தொடர்ந்து பேசக்கூடியதாயிருந்தால் அதுவே தக்க வேகம் என்பது பழகியோர் கைக்கொள்ளும் அளவுகோல். பேசுவதற்கு ஆளில்லாமையால், நாம் வகுப்பிலே கற்பிக்கும் நன்னூற் சூத்திரங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓடினோம். எதிரே வந்த நாய்களும் விலகிச் சென்றன. ஒரு வாரம் ஓடியதன்மேல் பத்திலொன்றுக்கு மிகாமல் மறுவாரம் கூட்டினோம். தைப்பொங்கலுக்கு முன்னர் இரண்டு கிலோமீற்றர் நில்லாமல் ஓடலாயிற்று. அன்று வீட்டுக்கு வந்து, யாரிடமும் சொல்லாமல், நாட்காட்டியில் ஒரு புள்ளி இட்டோம்.

சப்பாத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஓட்டச் சப்பாத்தொன்றின் விலை, கூலியாள் ஒருவரின் பல நாட் கூலியாகவிருந்தது. நாம் பாடசாலை விளையாட்டறையிற் கிடந்த பழந்துணிச் சப்பாத்தொன்றைக் கேட்டு வாங்கி, பெருவிரல் வெளியே தெரியும்வரை அணிந்தோம். 1960ஆம் ஆண்டிலே எதியோப்பியராகிய அபேபே பிக்கிலா உரோமாபுரி வீதிகளில் வெறுங்காலுடன் 42.195 கிலோமீற்றர் ஓடித் தங்கப்பதக்கம் வென்றாரென்று எம் மாணவர்க்குச் சொல்வதுண்டு. அதைக் கேட்ட ஒரு மாணவன், "சேர், அவருக்குச் சப்பாத்து இல்லையோ, பிடிக்கேல்லையோ?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவருக்குக் கிடைத்த சப்பாத்துக் காலுக்குப் பொருந்தவில்லை என்பர். நான்கு ஆண்டுகளின் பின் தோக்கியோவிலே சப்பாத்தணிந்தே அவர் மீண்டும் வென்றார். வறுமையை வீரத்துக்குக் காரணமாக்கும் எமது வழக்கத்துக்கு இஃது இடங்கொடாது.

விடியலில் வீதியிலே நாம் தனியாக இருந்தோமென்று எண்ணியதும் ஒரு பேதைமையே. பாசையூரிலிருந்து மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்குச் சைக்கிள் மிதிப்போர், தோட்டத்துக்கு இறைக்கப் போவோர், கடை திறக்குமுன் முற்றங் கூட்டும் பெண்கள் என, வியர்வை சிந்துவோர் கூட்டம் எமக்கு முன்னரே விழித்திருந்தது. அவர்களெவரும் அதை உடற்பயிற்சி என்று சொல்வதில்லை. கள்ளிறக்கும் தொழிலாளி ஒருவர், காலையும் மாலையும் முப்பது பனைகளுக்குக் குறையாமல் ஏறியிறங்குபவர், ஒருநாள் தளைநாரைத் தோளிலிட்டபடி எம்மை மறித்தார்.

"மாஸ்டர், குறை நினையாதேங்கோ. உந்த ஓட்டத்துக்கு, என்ரை மரத்திலை ரெண்டு ஏறி இறங்கினால் காணுமே?"

"ஏறத் தெரியாதே" என்றோம்.

"அது சரி. எனக்கு உப்பிடி ஓடத் தெரியாது. பின்னேரம் ஏற வேணுமெண்டு நினைச்சால் ஓட மனம் வருமோ?"

அவர் கேட்டது கேலியன்று. உடலுழைப்பை நூற்றாண்டுகளாக ஒருசாரார்மேற் சுமத்தி, வியர்வையை இழிவென்று கற்பித்து, நாற்காலியிலிருந்து உண்ட எம்போன்றோர், நோய் வந்தபின் அதே வியர்வையைத் தேடி வீதிக்கு வருகின்றோம். அவரோ வியர்வையிலிருந்து ஓய்வைத் தேடுகின்றார். இருவரும் சந்தித்த இடத்தில் எம் கையிலே தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவர் இடையிலே பாளைக்கத்தி இருந்தது. அன்றிலிருந்து அவரைக் காணுமிடத்து நாம் ஓட்டத்தை நிறுத்தி இரண்டு சொற் பேசாமற் போவதில்லை. அதனால் ஓட்ட நேரங் கூடினால் கூடட்டும்.

வேகத்தைப் பற்றிய வெட்கம் எம்மை நெடுநாள் விடவில்லை. பாடசாலைச் சிறுவர் எம்மை நடந்தே முந்தினர் என்பது சற்று மிகையாயினும், முழுப்பொய்யன்று. அப்பொழுதெல்லாம் நாம் நினைத்துக்கொண்டது இரணதுங்க கருணானந்தாவை. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கிலே, இலங்கைக்காக 67ஆம் இலக்கத்தை அணிந்து 10,000 மீற்றர் ஓடியவர் அவர். மற்றையோர் ஓடி முடித்துவிட்ட பின்னரும் சுற்றுக்கள் எஞ்சியிருக்க, அவர் தனியே ஓடினார். முதலில் நகைத்த அரங்கு, பின்னர் எழுந்துநின்று கைதட்டிற்று. யப்பானியர் அவர் கதையைத் தம் பிள்ளைகளின் பாடநூலிற் சேர்த்தனர். முப்பது வருடங்களுக்கு மேலாக நாம் கற்பித்த பாடநூல்களில் அப்பெயரை ஒருமுறையேனும் கண்டதாக எமக்கு நினைவில்லை.

முதலாண்டு முழுவதும் நாம் ஓடிய வழி ஒன்றே. வீட்டிலிருந்து கிழக்கே கண்டி வீதியாற் சென்று, செம்மணி வெளி தொடங்குமிடத்தில் திரும்பிவிடுவோம். கால் இன்னுஞ் செல்லும், மூச்சும் செல்லும். ஆயினும் திரும்பிவிடுவோம். அவ்வெளியிலே 1999ஆம் ஆண்டு பதினைந்து பேரின் எச்சங்களை அகழ்ந்தெடுத்தனர். 2025ஆம் ஆண்டு, அண்மையிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடியும் தோண்டியபொழுது, இருநூற்றுக்கு மேற்பட்டோரின் எச்சங்களும், பள்ளிப் பிள்ளையொன்றின் நீலநிறப் புத்தகப்பையும் வெளிப்பட்டன. ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு அந்தப் பையைப் பற்றிய செய்தியை வாசித்துவிட்டு அவ்வழியே ஓடுதல் எளிதன்று. ஆனால் நாம் திரும்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. செம்மணிக்கு அப்பால் நாவற்குழிப் பாலம்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆந் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் கூறிச் சென்றன. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் இந்த வீதிக்கு வந்தனர். மழை. எமக்கு அப்பொழுது இருபத்தெட்டு வயது. நடக்கமாட்டாத அம்மாவைச் சைக்கிளின் பின்னிருக்கையில் வைத்து உருட்டினோம். ஐயா பின்னாலே பையுடன் வந்தார். அவ்வாறு மக்கள் நிறைந்த வீதியில் ஓட முடியாது, நடக்கவும் முடியாது. நின்று நின்று அசைந்தோம். பாலத்துக்கு இப்பால் ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்துக் கல்லிற் குந்திவிட்டார். நாம் நின்றோம். பின்னால் வந்தவர்கள் எம்மைத் தள்ளினர்.

"நீங்கள் போங்கோ. நான் ஆறுதலா வாறன்" என்றார் ஐயா.

நாம் போனோம். சாவகச்சேரியை அடைய மறுநாட் பகலாயிற்று. ஐயா அதற்கு அடுத்தநாள் வந்து சேர்ந்தார். கொடிகாமத்திலே ஒரு பாடசாலை மண்டபத்தில், அவ்வருடம் மார்கழியில் இறந்தார். அன்று அவரை விட்டுப் போனது சரியா, பிழையா என்பதை இந்த முப்பது ஆண்டுகளில் நாம் பலமுறை பலவிதமாகத் தீர்த்திருக்கின்றோம்.

எம்மைச் செம்மணிக்கு அப்பாலே இழுத்துச் சென்றவள் எமது மகள். பத்தொன்பது வயது. முதலில் தண்ணீர் கொண்டு சைக்கிளிலே பக்கத்தில் வந்தாள். ஒருநாள் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, தானும் ஓடப்போவதாகச் சொன்னாள். ஒழுங்கையிலே பேச்செழுந்தது. "குமர்ப்பிள்ளையை ஏன் றோட்டிலை ஓட விடுறியள்?" என்று உறவினர் ஒருவர் வீடு தேடி வந்து கேட்டார். பெண் நெடுந்தூரம் ஓடலாகாது என்பது எம்மூரவர் மாத்திரம் கூறிய சொல்லன்று. 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓடிய பெண்கள் களைத்தனரென்று கூறி, அவ்வோட்டத்தை 1960 வரை பெண்களுக்கு மறுத்தனர். மரதன் ஓட்டம் அவர்களுக்குக் கிடைத்தது 1984இலேதான். உறவினரிடம் நாம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். அவர் தேநீரை அருந்தி முடித்துவிட்டு, "எண்டாலும்..." என்று எழுந்து சென்றார். மகள் மறுநாளும் ஓடினாள். வீதியிலே அவளைக் கண்டு சொற்களை எறிந்த இளைஞர் இருவரைப் பனையேறும் நண்பர் மறித்து விசாரித்தார் என்று பின்னர் அறிந்தோம்.

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிறு, எம் வீட்டிலிருந்து சாவகச்சேரிச் சந்தைவரை, ஏறத்தாழ 12 கிலோமீற்றர் ஓடுவதென்று முடிவுசெய்தோம். அவளுக்கு அஃது ஒரு தூரம் மாத்திரமே; 1995இல் அவள் பிறக்கவுமில்லை. வெயிலுக்குமுன் முடிக்கும்பொருட்டு விடியுமுன்னரே புறப்பட்டோம். செம்மணியைக் கடக்கையில் இருவரும் பேசவில்லை. வெளிச்சம் வந்தபொழுது பாலம் தெரிந்தது. கடல்நீரேரியின்மேல் காற்றில்லை, கொக்குகள் சேற்றில் நின்றன. வீதியோரத்தில் அந்தக் கல்லைத் தேடினோம். வீதியை அகலித்தபொழுது போயிருக்க வேண்டும். அன்றேல் நாம் தேடிய இடம் பிழை.

எம் கால் தளர்ந்தது. மகள் திரும்பிப் பார்த்து நின்றாள்.

"என்னப்பா, ஏலாதோ?"

"நீ போ பிள்ளை. நான் ஆறுதலா வாறன்."

சொன்ன பின்னரே எமக்குக் கேட்டது. அவள் ஐயமுற்று ஒரு கணம் எம் முகத்தைப் பார்த்தாள். மூச்சு ஒழுங்காயிருப்பதைக் கண்டாளோ என்னவோ, தலையசைத்துவிட்டுப் பாலத்தின்மேல் ஏறி ஓடினாள். பின்னல் இருபுறமும் அடிக்க, அவள் சிறிதாகிக் கைதடிப் பக்கம் மறையும்வரை நாம் பார்த்துக்கொண்டு, மின்கம்பத்துக்கு மின்கம்பம் என எண்ணி, அதே வேகத்தில் ஓடினோம்.

சந்தை வாயிலை அடைந்தபொழுது ஒரு மணியும் நாற்பத்தாறு நிமிடங்களும் ஆகியிருந்தன. அவள் தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்திருந்தாள். எமக்காகச் சீனி போடாத தேநீரொன்றை வாங்கி, ஆறாதிருக்கும்படி மேலே தட்டினால் மூடி வைத்திருந்தாள்.