புதுக்குட்டிகளுக்கு மூன்று வாரம்



2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், வேளாங்கண்ணி வட்டாரத்து ஏழைகளின் கூரைகளோடு ஆடுகளையும் பறித்துச் சென்றது. அதன்பின் இல்லச் சந்திப்புகளின்போது, கைம்பெண்கள் சிலர் மீண்டும் குட்டிகள் வாங்கியிருக்கக் கண்டு மகிழ்ந்தோம். வாங்கிய மாதத்திலேயே குட்டி மடிந்த இல்லத்தில் பிள்ளையின் பள்ளிச் செலவும் அதனோடு மடிந்ததையும் கண்டோம்.

சந்தையிலிருந்து வரும் குட்டி தாயையும் மந்தையையும் பழகிய தழையையும் ஒருங்கே இழந்து வருகிறது. அந்த அயர்ச்சியில் நோய் எளிதில் பற்றும். ஆதலின் மூன்று வாரம் பழைய ஆடுகளினின்று பிரித்து வையுங்கள். தனிக்குட்டி கத்தியே மெலியும், இரண்டாக வாங்குங்கள். முதல் நாள் நீரும் உலர்தழையும் போதும். தவிடு, பிண்ணாக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். களைப்பு நீங்கியபின் கால்நடை மருந்தகத்தில் குடற்புழு மருந்தும், வயதறிந்து ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்குத் தடுப்பூசியும் பெறுங்கள்.

நம் தாழ்நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் குளம்பையும் நுரையீரலையும் கெடுக்கும். தரையினின்று உயர்த்திய மூங்கில் பரண் அமைத்தால் புழுக்கையும் சிறுநீரும் கீழே விழும். குட்டி உலர்ந்து உறங்கும். பரண் அமைக்க இயலாத கைம்பெண்ணுக்கு அன்பியத்தார் இரண்டு மூங்கில் கொடுத்துதவினால், அதுவும் காணிக்கையே.

தொழுவத்தில் பிறந்தவர் உங்கள் கொட்டிலையும் காப்பாராக!